கொழும்பு வளர வளர வத்தைச் சனம் எங்கே போவது?

முகத்துவாரத்தான்

இங்கே அதிகம் அடிபடுகிற விஷயங்கள் வாடகை, முதலாம் வகுப்பு அனுமதி, பெட்ரோல் விலை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற ஒன்றைப் பற்றிக் கதைக்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலிமுகத்திடலிலிருந்து கொம்பனித்தெரு வரைக்கும் புதுக் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. அவற்றைக் கூட்டித் துடைக்கிறவர்கள், அங்கே சமைக்கிறவர்கள், சாமான் இறக்குகிறவர்கள் மட்டும் ஏன் இன்னும் இன்னும் தூரத்துக்குப் போகவேண்டி இருக்கிறது?

கொழும்பு மாநகர எல்லை 37 சதுர கிலோமீற்றர்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் அதற்குள் 5 இலட்சத்து 60 ஆயிரம் பேர். நகர அபிவிருத்தி அதிகார சபை சொன்ன கணக்குப்படியே அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வசதி குறைந்த குடியிருப்புகளில், அதாவது வத்தை, முடுக்கு, தோட்டம் என்று நாங்கள் சொல்கிற இடங்களில் இருந்தார்கள். அந்த இடங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 900 ஏக்கர், நகரத்தின் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. அந்த நிலத்திலிருந்து கிட்டத்தட்ட 70,000 குடும்பங்களை எடுத்து மாடிகளில் ஏற்றிவிட்டு, மிஞ்சுகிற காணியை முதலீட்டுக்குக் கொடுப்பதுதான் 2010க்குப் பிறகு வந்த திட்டம். அந்த வருடம்தான் அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. வீடு கட்டுகிற வேலை ஏன் பாதுகாப்பு அமைச்சுக்குப் போகவேண்டும் என்று அன்றைக்குச் சத்தமாகக் கேட்க முடியவில்லை. இன்றைக்காவது கேட்கலாம்.

எங்கள் குடும்பமும் அப்படி மாடிக்குப் போனதுதான். எந்த மாடி என்று எழுதவில்லை. பழைய வீட்டு வாசல் நேரே முடுக்கில் திறக்கும். அம்மா விடிய நாலு மணிக்கு இடியப்பம் பிழியத் தொடங்குவா. துறைமுகத்துக்குப் போகிற ஆட்கள், த்ரீவீல்காரர்கள், ஸ்கூல் பிள்ளைகளின் தாய்மார் வாசலிலேயே நின்று வாங்குவார்கள். சம்பலை லஞ்ச் ஷீட்டில் தனியாக மடித்துக் கொடுப்பா. ஆறரைக்குத் தட்டு வெறுமையாகிவிடும், பிறகு தேங்காய் வாங்கப் போவா. வாடகை இல்லை, பஸ் காசு இல்லை, விளம்பரம் இல்லை.

இப்போது பதினோராம் மாடி. பத்து இடியப்பம் வாங்க யார் லிஃப்ட்டுக்கு வரிசையில் நிற்பார்கள்? விறகு எரிக்க முடியாது, காஸ் வேண்டும். 2022 ஏப்ரலில் பெரிய சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போன கிழமையோடு அம்மா பிழிகிற உரலை அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டா. அதற்கு முன்பே நடைபாதையில் ஆவி நிற்கிறது, சுவர் ஊறுகிறது என்று பக்கத்து வீட்டில் முறைப்பாடு. அவர்கள் சொன்னதும் சரிதான், அந்த நடைபாதைக்கு ஒரு யன்னல் கிடையாது. இப்போது அம்மா ஒரு ஏஜென்சி மூலமாக ஒஃபிஸ் துப்புரவு வேலைக்குப் போகிறா. விடிய ஐந்துக்கு வெளிக்கிடவேண்டும்.

வீடு கிடைத்தது உண்மை. ஆனால் அந்த வீட்டுக்குள் இருந்த வருமானம் போய்விட்டது. அதை எந்தப் பத்திரத்திலும் ஒருவரும் எழுதவில்லை.

வெள்ளவத்தைவாசி

தம்பி, உங்கள் அம்மாவின் கதை மனதைத் தொடுகிறது. ஆனாலும் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

நான் சின்ன வயதில் கிருலப்பனை கால்வாயோரத்தில் உறவினர் வீட்டில் வளர்ந்தவன். மழை பெய்தால் கட்டிலுக்குக் கீழே தண்ணீர். நாற்பது குடும்பத்துக்கு ஒரு வரிசை மலசலகூடம், கதவுக்குக் கொளுக்கி இருக்காது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் சனம் கூரையில் ஏறி நின்றதை எல்லோரும் பார்த்தோம். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் செத்தார்கள். அந்தச் சனத்தை அங்கேயே இருங்கள் என்று சொல்வதா நியாயம்? மாடியில் சுவர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, பூட்டுகிற கதவு இருக்கிறது.

அப்புறம் காசு எங்கிருந்து வரும்? வீட்டுக்காரர் மாநகர சபைக்குக் கட்டுகிற சோலை வரியை வைத்து 70,000 வீடு கட்ட முடியாது. நல்ல காணியை விற்றுக் கட்டுகிறார்கள். ஹோட்டல் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்குத்தான் வேலை. துறைமுக நகரம் வந்தாலும் அப்படித்தான். வளர்ச்சியே வேண்டாம் என்கிற மாதிரி எழுதினால் அது ஏழைகளுக்கும் உதவாது.

தெமட்டகொடை ராணி

வெள்ளவத்தை அண்ணா சொன்ன மலசலகூட விஷயத்தை ஒரு பெண்ணாக நானும் சொல்கிறேன். இரவு பதினொரு மணிக்கு வயிறு சரியில்லை என்றால் கையில் டோர்ச்சும் துணைக்குத் தங்கச்சியுமாக முடுக்கின் கடைசிக்கு நடக்கவேண்டும். அங்கே குடித்துவிட்டு நிற்கிற ஆட்கள். பெரியபிள்ளையான பிறகு மாலை ஐந்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்கள் எங்கள் வத்தையில் பலர். ஆகவே மாடி வேண்டாம், பழைய முடுக்கே சொர்க்கம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். நான் திரும்பிப் போகமாட்டேன்.

ஆனால் அண்ணா, கேட்கவேண்டியது வேறு. மலசலகூடம் தருவதற்கு எங்களை ஏன் பிரித்துப்போட்டார்கள்? வீடு குலுக்கல் முறையில் விழுந்தது. எங்கள் முடுக்கில் எதிரும் புதிருமாக இருந்த எட்டுக் குடும்பம் எட்டு இடத்தில். முந்தி நான் வேலைக்குப் போனால் எதிர்வீட்டு ராத்தா என் மகனைப் பார்த்துக்கொள்வா, காசு கேட்கமாட்டா, நான் அவவின் உம்மாவுக்குக் கிளினிக் நம்பர் எடுத்துக் கொடுப்பேன். சீட்டுப் பிடிக்கிறதும் அப்படித்தான், முகத்தைப் பார்த்து நம்பி நடத்துகிறது. கடையில் கடன் கொப்பி இருந்தது, மாதம் முடியக் கொடுக்கலாம். இங்கே கீழ்க் கடைக்காரருக்கு நாங்கள் யார் என்றே தெரியாது, காசு வைத்தால்தான் சாமான். இதெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் சம்பளம் பிந்துகிற மாதத்தில் எங்களுக்கு இருந்த வங்கி அதுதான்.

மேலே தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், லிஃப்ட், நடைபாதை விளக்கு எல்லாவற்றுக்கும் கரண்ட். 2022 ஆகஸ்ட்டில் கட்டணத்தைச் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் திரும்பவும் 66 சதவீதம். பொது பில்லை யார் கட்டுவது என்று சண்டை. கட்டாதபோது லிஃப்ட் நிற்கும். எங்கள் தளத்தில் ஒரு தாத்தா செத்தபோது பெட்டியை எட்டு மாடி படியால் இறக்கினார்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியை நிமிர்த்திப் பிடிக்கவேண்டி வந்தது. அவருடைய மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. கட்டடத்தை வரைந்த நேரத்தில் இங்கேயும் ஆட்கள் சாவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

நாட்டாமி மகன்

நான் வேலை, போக்குவரத்து பற்றி எழுதுகிறேன்.

எங்கள் அப்பா புறக்கோட்டையில் நாட்டாமி. மூட்டை தூக்குகிறது, கைவண்டி தள்ளுகிறது. லொறி விடிய ரெண்டுக்கும் வரும், நாலுக்கும் வரும். லொறி வந்த நேரத்தில் நிற்கிறவனுக்குத்தான் வேலை. ஆகவே நாட்டாமிமார் நடந்து போகிற தூரத்தில் இருந்தார்கள், ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ், ஆமர் வீதி, வாழைத்தோட்டம். பலர் மலையகத்திலிருந்து வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியவர்கள். அந்த நேரத்தில் பஸ் இல்லை. மட்டக்குளிக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு விடிய ரெண்டுக்கு எப்படி வருவது? த்ரீவீலுக்குக் கொடுத்தால் தூக்கிய மூட்டைக் கூலி அதிலேயே போய்விடும்.

வீட்டை மட்டும் நகர்த்தவில்லை, வேலையையும் நகர்த்தினார்கள். மீன் சந்தை 2011இல் பேலியகொடைக்குப் போனது. மெனிங் மரக்கறிச் சந்தை 2020 கடைசியில் அங்கே போனது. புறக்கோட்டை நெரிசல் குறைந்தது என்று சொல்வார்கள், குறைந்திருக்கும்தான். ஆனால் சந்தையை நம்பித் தேத்தண்ணி விற்ற அம்மா, சாக்குத் தைத்தவர், அழுகல் மரக்கறியைப் பொறுக்கிச் சுத்தம் செய்து மலிவாக விற்ற கிழவி, இவர்களுக்கு அங்கே கடை இலக்கம் கிடைக்கவில்லை. 2014இல் நடைபாதை வியாபாரிகளுக்கு என்று பஸ்தியன் மாவத்தையில் மிதக்கும் சந்தை திறந்தார்கள். ஃபோட்டோவுக்கு வடிவாகத்தான் இருந்தது. நடைபாதைக் கடை ஓடுவது சனம் நடக்கிற வழியில் இருப்பதால். வழியை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஓரத்தில் பெட்டிக்கடை கட்டிக் கொடுத்தால் யார் சுற்றிப் போய் வாங்குவார்கள்?

ரயில் பற்றியும் ஒன்று. கோட்டையிலிருந்து மாலபேக்கு இலகு ரயில் பாதை போட ஜப்பான் கடன் தந்தது. 2020 செப்டெம்பரில் அதை ரத்துச் செய்துவிட்டார்கள். அந்தப் பாதை வந்திருந்தாலும் கொழும்பு வடக்குக்கு ஒன்றும் கிடைத்திராது, அது கிழக்கே போகிற பாதை. முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டால் பக்கம் துறைமுகக் கொள்கலன் லொறிகளுக்கு இடையில் பஸ் நத்தை மாதிரி ஊருகிறது. வீடுகளை வடக்கில் கட்டினார்கள், வேலைகள் தெற்கிலும் கடலோரத்திலும் இருக்கின்றன. நடுவில் இருக்கிற தூரத்துக்கான நேரத்தையும் காசையும் ஏழைதான் கொடுக்கிறான்.

வரைபடம்

இந்தத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இளம் ஆட்கள் கேட்கட்டும் என்று கொஞ்சம் பழையதைச் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் இதைச் செய்ய வேறு வழியே இல்லை என்கிற எண்ணம் தவறு. வேறு வழி இங்கேயே இருந்தது.

1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஓர் ஆள் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று எல்லை போட்டார்கள், மிஞ்சிய வீடுகளை அரசு எடுத்தது, நெடுங்காலம் வாடகைக்கு இருந்த பலர் சொந்தக்காரர் ஆனார்கள். கொழும்பு முடுக்குகளில் காணி உறுதி, அதாவது சொந்தப் பத்திரம், வைத்திருக்கிற குடும்பங்கள் பல அந்தச் சட்டத்தால் வந்தவை. இதை மறந்துவிட்டுத்தான் வத்தைக்காரர் எல்லோரும் அத்துமீறிக் குடியேறியவர்கள் என்று பேசுகிறார்கள்.

அதே காலத்தில் மற்றப் பக்கமும் நடந்தது. 1976 ஆகஸ்ட்டில் அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பில் கூடியது. விருந்தினர் கண்ணில் படக்கூடாது என்று நகர நடுவில் இருந்த குடும்பங்களை மட்டக்குளிக்கு அனுப்பினார்கள். சமிட்புர என்ற குடியிருப்பு அப்படி வந்தது. வடக்கே தள்ளுகிற பழக்கம் அரை நூற்றாண்டுப் பழக்கம்.

பிறகு பிரேமதாச, அப்போது பிரதமராகவும் வீடமைப்பு அமைச்சராகவும் இருந்தவர். அரசியலில் அவரைப் பற்றிப் பல கருத்து இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் மத்திய கொழும்புச் சனத்தின் வாழ்க்கை அவருக்குத் தெரியும். 1978இல் ஒரு இலட்சம் வீட்டுத் திட்டம், அதில் அரசே கட்டிக் கொடுத்தது. செலவு தாங்கவில்லை. 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தபோது முறையை மாற்றினார்கள். அரசு வீடு கட்டாது, சிறு கடன் கொடுக்கும், தண்ணீர், வடிகால், மலசலகூடம், பாதை போடும், வீட்டைக் குடும்பம் தன் வசதிக்குக் கட்டிக்கொள்ளும். வத்தைக்கு வத்தை அபிவிருத்திச் சபை அமைத்தார்கள். நாங்கள் வரைபடத்தைத் தரையில் விரிப்போம், சனம் சுற்றி உட்காரும். பாதை எவ்வளவு அகலம், யார் வீட்டு மூலையை வெட்டுவது, குழாய் எந்த இடத்தில் என்று அவர்களே சண்டை பிடித்து முடிவெடுப்பார்கள். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர்ச்சஸ், 50 சதுர மீற்றர். சாதாரணக் கட்டட விதிப்படி அந்த அளவில் வீடு கட்ட முடியாது. ஆகவே அந்த இடங்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்தினார்கள். முடிவெடுத்தது அவர்கள் என்பதால் ஒருவரும் வழக்குப் போடவில்லை. பாதைக்கு மூன்று அடி விட்டுக்கொடுத்த கிழவர் அதைப் பெருமையாகச் சொல்லுவார்.

குறை இல்லையா? இருந்தது. பல இடங்களில் உறுதி கடைசிவரை கொடுக்கவில்லை, அந்த அசட்டையால்தான் பின்னால் வந்தவர்களுக்கு வெளியேற்றுவது சுகமாகிவிட்டது. ஆனால் சனம் வேலைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

வெள்ளவத்தைவாசி

வரைபடம் ஐயா, மதிப்போடு கேட்கிறேன். 1984இல் இருந்த காணியா இப்போது இருக்கிறது? ஆளுக்கு ரெண்டு பேர்ச்சஸ் என்று கொடுத்தால் கொழும்பு முழுக்க ஓட்டு வீடுதான் நிற்கும். உயரத்துக்குப் போகத்தானே வேண்டும்?

வரைபடம்

போகவேண்டும்தான். எவ்வளவு உயரம், யாருக்கு, எந்த இடத்தில் என்பதில்தான் பிரச்சினை. நாலு மாடிக்கு லிஃப்ட் வேண்டாம், பெரிய மோட்டார் வேண்டாம், கீழ்த் தளத்தைக் கடைக்கும் தொழிலுக்கும் விடலாம். கொழும்பில் பழைய நாலு மாடித் தொடர்மாடிகள் எத்தனையோ, மேலே இருந்து தாய் கூப்பிட்டால் கீழே விளையாடுகிற பிள்ளைக்குக் கேட்கும். பன்னிரண்டு, பதினாலு மாடி என்று போனவுடன் பராமரிப்புச் செலவு மாதாமாதம் வருகிறது. பணக்காரத் தொடர்மாடியில் அந்தச் செலவுக்கென்று பெரிய தொகை அறவிடுகிறார்கள். ஏழைக்கு அதே மாதிரி இயந்திரத்தைக் கொடுத்துவிட்டுச் செலவை யார் பார்ப்பது என்று சொல்லாமல் விட்டார்கள்.

உயர மாடிக்கு முதல் உதாரணம் பொரளையில் 2001 அளவில் வந்த சஹஸ்புர, 671 வீடுகள். அதில் என்ன சரியாகப் போனது, என்ன பிழைத்தது என்று உட்கார்ந்து படித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியிருக்கலாம். அதே 2001இல்தான் கட்டாய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கையையும் அமைச்சரவை ஏற்றது. இடம்பெயர்ப்பை முடிந்தவரை தவிர், முடியாவிட்டால் சனத்தைக் கேட்டுச் செய், உறுதி இல்லாதவனையும் நியாயமாக நடத்து, இழந்த பிழைப்பையும் ஈடு செய் என்று அதில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது.

கொம்பனித்தெரு பேத்தி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கொம்பனித்தெருவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

2010 மே மாதம் மியூஸ் வீதியில் நடந்ததை எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். படையினரை நிறுத்திவிட்டு புல்டோசர் வந்தது. உறுதி இருந்தவர்களின் வீடும் உடைந்தது. சோலை வரி கட்டிய ரசீது, கரண்ட் பில், வாப்பா பெயரில் காணி உறுதி எல்லாம் ஒரு பொலித்தீன் பேக்கில் போட்டுக்கொண்டு ஆட்கள் ரோட்டில் நின்றார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற ஆய்வு அமைப்பு 2014இல் இந்த வெளியேற்றங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. சொந்த வீட்டைப் பறிகொடுத்தவரும் புது மாடி வீட்டுக்குப் பத்து இலட்சம் ரூபாயை 20, 30 வருடத் தவணையில் கட்டவேண்டும் என்று கேட்கப்பட்டது. பல வீடுகள் 400 சதுர அடிதான். மூன்று தலைமுறை இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அதைவிடச் சின்னதுக்குக் கடனாளி ஆகவேண்டும்.

எங்கள் குடும்பம் வேறு மாதிரி. அதே இடத்தில் புது வீடு தருவோம், அதுவரை வாடகைக் காசு தருவோம் என்று சொல்லி எழும்பச் சொன்னார்கள். கேட்க நல்லதாகத்தான் இருந்தது, கொம்பனித்தெருவை விட்டுப் போகத் தேவையில்லை அல்லவா. ஆனால் வேலை இழுபட்டது, வருடக்கணக்காக. உம்மம்மா வாடகை வீடு வாடகை வீடாக மாறி, புது வீட்டுச் சாவியைக் காணாமலே மௌத்தாகிவிட்டா. பழைய வீட்டில் தொழுகை அறைக்குப் பக்கத்தில் அவவின் வெற்றிலை உரல் இருந்த இடம், மலே அயலவர்கள் நோன்புக்கு அனுப்புகிற பலகாரம், பள்ளிவாசலுக்கு நடந்து போகிற வாப்பாமார், இதெல்லாம் நஷ்டஈட்டுப் படிவத்தில் வராது. சரி, வரவேண்டாம். சொன்ன திகதியாவது ஒப்பந்தத்தில் இருந்திருக்கவேண்டும், பிந்தினால் யார் என்ன கொடுப்பது என்றும் இருந்திருக்கவேண்டும். அப்படி ஒரு வரியும் இல்லை. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது, உம்மா பெருவிரல் அடையாளம் வைத்தா. 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி. தன் வீட்டைக் கொடுக்கிற பத்திரத்தைத் தன் மொழியில் வாசிக்கிற உரிமை கூட இல்லாமல் எங்களை எப்படி இந்த நகரத்துக்காரர் என்று சொல்லிக்கொள்வது?

அடையாறு

சென்னையிலிருந்து எழுதுகிறேன். நடுவில் வந்து பேசுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எழுதுவதை வாசித்தபோது எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. கூவம் கரையிலும் நகரத்தின் நடுவிலும் இருந்தவர்களை 2000லிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு இன்னும் பெரிய கூட்டம் போனது. வீட்டு வேலை செய்த பெண்களுக்குத்தான் முதலில் வேலை போனது, மைலாப்பூரில் காலை ஆறு மணிக்குக் கோலம் போட வருகிறவர் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் எப்படி வருவார்? கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னாலே வேலை கொடுக்க யோசித்தார்கள். நிறைய பேர் ஒதுக்கிய வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்துக்குள்ளேயே வாடகைக்குத் திரும்பினார்கள். உங்கள் ஊரில் தூரம் குறைவு, அதனால் இன்னும் சரிசெய்ய முடியும் என்று தோன்றுகிறது.

முகத்துவாரத்தான்

அடையாறு நண்பருக்கு நன்றி. விலாசம் பற்றி நீங்கள் சொன்னது இங்கேயும் அப்படியே. நேர்முகத்துக்குப் போகும்போது பெரியம்மாவின் வத்தளை விலாசத்தைக் கொடுக்கிற பொடியன்மார் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார்கள்.

வெள்ளவத்தை அண்ணா, வளர்ச்சி வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எழுதமாட்டேன். இந்த நகரத்தில் காசு உண்டாகிறது, அது எங்கள் கையாலும் உண்டாகிறது. அதனால் கேட்கிறேன். என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன், ஒழுங்குபடுத்தி எழுதவில்லை.

அரச காணியில் கோபுரம் கட்ட அனுமதி கொடுக்கும்போது, அந்தக் கட்டடத்திலேயோ நடந்து போகிற தூரத்திலேயோ இத்தனை வீடு குறைந்த வருமானக்காரருக்கு என்று எழுதி வாங்கவேண்டும். வடக்கில் எங்கேயோ கட்டிக் கணக்குக் காட்டக் கூடாது. விளக்கு எரியாமல் வெறுமையாகக் கிடக்கிற சொகுசு வீடுகளுக்குக் கூடுதல் வரி போடலாம், முதலீடாக வாங்கிப் பூட்டி வைத்திருக்கிற வீட்டுக்கும் ரோட்டும் தண்ணீரும் நாங்கள் எல்லோரும் சேர்ந்துதானே கொடுக்கிறோம். ஏற்கெனவே கட்டிய மாடிகளை இடிக்கச் சொல்லவில்லை. கீழ்த் தளத்தில் இடியப்பம் அவிக்க, தையல் மெஷின் போட, தச்சுவேலை செய்ய, த்ரீவீல் திருத்த இடம் ஒதுக்கலாம். ஒரு பொதுச் சமையலறை, நல்ல புகைபோக்கியோடு. பெரிய செலவு இல்லை. அம்மாவின் வயதுப் பெண்கள் ஒவ்வொரு கட்டடத்திலும் எத்தனை பேர் தெரியுமா? 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி கொழும்பு வீடமைப்புக்கு 20 கோடி டொலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட கடனில் லிஃப்ட் பராமரிப்புக்கும் தொழில் இடத்துக்கும் ஒரு பங்கு என்று ஏன் நிபந்தனை போடக்கூடாது?

எங்களிடம் கேட்கவேண்டும் என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, தேர்தலைத் தள்ளித் தள்ளி 2025 மே மாதம்தான் வைத்தார்கள். ரெண்டு வருடத்துக்கு மேல் இந்த நகரத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. கரண்ட் பில் ஏறிய, லிஃப்ட் நின்ற, சனம் வாடிப்போன அதே காலம். தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. இப்போது சபை இருக்கிறது. ஒவ்வொரு தொடர்மாடிக்கும் தெரிவுசெய்த குழு, கூட்டம் தமிழிலும் சிங்களத்திலும், பராமரிப்புக் கணக்கு அறிவிப்புப் பலகையில். வரைபடம் ஐயா சொன்ன தரையில் விரிக்கிற முறையைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சட்டமும் தடையில்லை.

வெள்ளவத்தைவாசி

சொகுசு வீட்டு வரியில் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் பல வீடுகள் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்தின் காசில் வாங்கியவை, 83 கலவரத்துக்குப் பிறகு ஓடியவர்கள் ஊரில் ஒரு பிடி இருக்கட்டும் என்று வாங்கினது, அவர்களையும் கொள்ளைக்காரர் போல நடத்தக் கூடாது. 2007 ஜூனில் லொட்ஜுகளில் இருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய நகரம் இது, உச்ச நீதிமன்றம் தடுத்திராவிட்டால் நிறுத்தியிருக்கமாட்டார்கள். கொழும்பில் தமிழனுக்கு ஒரு உறுதி என்பது பாதுகாப்பு. ஆனால் கீழ்த் தளப் பொதுச் சமையலறையும் தொழில் இடமும் நல்ல யோசனை. அதற்கு நான் முழு ஆதரவு, யாராவது எழுதிக் கொடுப்பதென்றால் கையெழுத்து வைப்பேன்.

நாட்டாமி மகன்

அண்ணா, நீங்கள் சொன்ன அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது, உறுதி இல்லாமலேயே. ஆகவே நாம் ஒரே பக்கம்தான். வரியை ஒருவர் வந்து தங்குகிற வீட்டுக்கு விலக்கி, ஒரே ஆள் பத்து, இருபது என்று வாங்கிப் பூட்டி வைத்திருப்பதற்கு மட்டும் போடலாம்.

தெமட்டகொடை ராணி

உறுதி என்று கதை வந்ததால் எனக்கு ஒரு உதவி. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் நகரத் தொடர்மாடிகளில் வாடகைக்கு இருக்கிற 50,000 குடும்பங்களுக்கு வீட்டைச் சொந்தமாகக் கொடுப்போம் என்று சொன்னார்கள் அல்லவா. எங்கள் கட்டடத்தில் படிவம் என்று ஒன்று சுற்றுகிறது. குலுக்கலில் வீடு விழுந்தபோது என் வீட்டுக்காரரின் பெயரில்தான் பதிந்தது, அவர் இப்போது எங்களோடு இல்லை. தவணை முழுக்க நான் கட்டினது. அடுத்த வருடம் மகளை முதலாம் வகுப்புக்குப் போடவேண்டும், வதிவிட ஆதாரம் கேட்பார்கள். என்ன செய்யலாம்?

வரைபடம்

மகள், அவசரப்பட்டு ஒன்றிலும் கையெழுத்து வைக்கவேண்டாம். தவணை கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கி ரெண்டு பிரதி எடுங்கள், கரண்ட், தண்ணீர் பில்லோடு. கிராம சேவகரிடம் நீங்களும் பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் வசிக்கிறீர்கள் என்று கடிதம் வாங்குங்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இந்த விலாசத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், முதலாம் வகுப்பு அனுமதிக்குப் புள்ளி போடும்போது அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். படிவத்தைக் கொடுக்கும்போது உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் இணையுங்கள், தமிழில் எழுதினால் போதும், அவர்கள் எடுக்கத்தான் வேண்டும். கொடுத்த பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார்கள், அந்த முத்திரைப் பிரதியோடு போங்கள். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள், எழுதித் தருகிறேன்.

கொம்பனித்தெரு பேத்தி

ராணி அக்கா, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நானும் துணைக்கு வருகிறேன். எங்கள் உம்மாவின் பத்திரத்தையும் கொண்டுவந்து காட்டவேண்டும்.